தெளிந்து பறத்தல்

மாட்டுவண்டி ஓட்டிப் பழகிய முதியவர் ஒருவரைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்கு மை இட்டு, மீண்டும் மாட்டிய நாளில் அவர் உடனே வண்டியில் ஏறி அமர்வதில்லை. காளைகளை நுகத்தில் பூட்டுமுன் வண்டியின் இரு பக்கமும் சென்று கடையாணியைக் கையால் தொட்டுப் பார்ப்பார்; சக்கரத்தை ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். சக்கரத்தை மாட்டியவர் அவருடைய மகனாகவே இருக்கலாம். பல்லாண்டு பழகிய கொல்லராகவும் இருக்கலாம். அது கருதி அவர் கை ஓய்வதில்லை. மற்ற நாட்களில் அவ்வளவு உற்றுப் பாராதவர், சக்கரம் கழன்று பூட்டிய நாளில் மட்டும் ஏன் அத்துணைக் கருத்துடன் பார்க்கிறார்? நேற்று ஓடிய வண்டி இன்றும் ஓடும் என்பதற்கு நேற்றைய ஓட்டமே சான்று. இன்று கழற்றி மாட்டிய வண்டிக்கோ அத்தகைய சான்று இன்னும் பிறக்கவில்லை.

தரையிலே செல்லும் வண்டிக்கே இத்துணை விழிப்பு வேண்டுமாயின், வானிலே செல்லும் ஊர்திக்கு எத்துணை விழிப்பு வேண்டும்! கடையாணி கழன்றால் வண்டி சாயும். ஏறியிருந்தோர் எழுந்து, ஆடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நடக்கலாம். விமானத்தின் ஆணி ஒன்று கழன்றாலோ, இறங்கி நின்று சரிசெய்வதற்கு வானத்தில் வழியோரம் இல்லை.

விமானங்களுள் சிறியவை பல உள. ஒற்றை எஞ்சினும் இரண்டு அல்லது நான்கு இருக்கைகளும் உடைய இவை, விமானம் ஓட்டக் கற்போர்க்குப் பெரிதும் பயன்படுகின்றன. வழி அரிதான இடங்களுக்கு மருத்துவரையும் மருந்தையும் கொண்டு செல்லவும் இவை உதவுகின்றன. பெரிய பயணி விமானத்தைப் பேணுவதற்குப் பெருங்கூட்டம் உண்டு. சிறு விமானத்திற்கோ பெரும்பாலும் மெக்கானிக் ஒருவர், விமானி ஒருவர் என்ற அளவே துணை. ஆதலின், அவ்விருவரின் கண்களும் பலருடைய கண்களின் பணியைச் செய்ய வேண்டியனவாகின்றன.

இவ்விமானங்களைக் குறித்த காலத்தில் பிரித்துப் பார்த்துப் பேண வேண்டும் என்பது சட்டம். அமெரிக்க நாட்டில், பொதுவாகச் சிறு விமானம் ஒவ்வொன்றும் 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுச் சோதனைக்கு உட்படுதல் வேண்டும். கூலிக்குப் பயணிகளை ஏற்றும் சிறு விமானங்களையும், கூலி பெற்றுப் பயிற்சி அளிப்போர் தரும் விமானங்களையும் 100 மணிநேரம் பறந்தவுடன் மீண்டும் சோதிக்கின்றனர். இது நோய் கண்டபின் செய்யும் மருத்துவம் அன்று. நோய் வாராமல் காக்கும் முறையாகும். எஞ்சினின் மூடிகளைத் திறந்து, பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுவர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவர். இருக்கைகளை வெளியே எடுத்து, தரைத் தகடுகளைத் தூக்கி, அடியில் ஓடும் கம்பி வடங்கள் தேய்ந்துள்ளனவா என்று பார்ப்பர். சக்கரங்களைக் கழற்றிப் பிரேக்குகளைச் சோதிப்பர். இறக்கையிலும் உடலிலும் உள்ள சிறு மூடிகள் பலவற்றைத் திறந்து, விளக்கின் ஒளியால் உள்ளே நோக்குவர். எல்லாம் முடிந்தபின், தகுதி பெற்ற மெக்கானிக் தாம் செய்த பணியைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் இடுவார்.

அக்கையொப்பத்தைக் கண்டவுடன், இனி அஞ்ச வேண்டுவது யாதும் இல்லை என்று எண்ணுதல் மனித இயல்பு. அவ்வெண்ணத்தில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. தேய்ந்தது மாறியது, தளர்ந்தது இறுகியது என்பது உண்மை. ஆயினும், மூடியிருந்தவை பல திறக்கப்பட்டன. இறுகியிருந்தவை பல தளர்த்தப்பட்டன. பின்னர் அவை யாவும் மனிதரின் கையாலேயே மீண்டும் பூட்டப்பட்டன. நூறு ஆணிகளைக் கழற்றிய கை, தொண்ணூற்றொன்பதை முடுக்கிவிட்டு ஒன்றை மறந்துவிடக் கூடும். பராமரிப்பால் விளையும் நன்மையை நன்மையாகவே நிலைபெறச் செய்வது அதன் பின்னர் நிகழும் சோதனையே ஆகும்.

இதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த துயர நிகழ்ச்சி ஒன்று மறக்கவொண்ணாத சான்று. ராய் சாட்விக் என்பவர் அந்நாட்டின் தலைசிறந்த விமான அமைப்பாளருள் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற லங்காஸ்டர் என்னும் குண்டுவீச்சு விமானம் அவர் அமைத்ததே. அவ்வகை விமானங்கள் 7,000-க்கும் மேல் கட்டப்பெற்றன. பின்னர், மக்கள் பயணம் செய்வதற்கென டியூடர் என்னும் விமானத்தை அவர் அமைத்தார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், மான்செஸ்டர் நகரை அடுத்த உட்ஃபோர்டு விமானத் தளத்திலிருந்து டியூடர் மாதிரி விமானம் ஒன்று சோதனைக்காகப் புறப்பட்டது. சாட்விக்கும் அதில் ஏறினார். விமானம் தரையை விட்டு எழுந்தது. எழுந்த சிறிது நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறக்கையின் நுனி நிலத்தில் மோதவே, நொறுங்கி வீழ்ந்தது. சாட்விக் உட்பட நால்வர் மாண்டனர்.

காரணம் யாது? புயல் அன்று, எஞ்சினின் பழுதும் அன்று. முன்னிரவில் நடந்த பராமரிப்பில் இரு வடங்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன, அவ்வளவே. விமானத்தின் ஒவ்வோர் இறக்கையிலும், பின் விளிம்பில், நுனியை ஒட்டி, கதவு போலக் கீலில் அசையும் தகடு ஒன்று உண்டு. அதனை ஏலரான் என்பர். விமானி தம் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் இட இறக்கையின் ஏலரான் மேலே எழும். வல இறக்கையின் ஏலரான் கீழே தாழும். விமானம் இடப்பக்கம் சாயும். வடங்கள் மாறிவிட்டாலோ எல்லாம் தலைகீழாகும். வலப்பக்கம் சாயும் விமானத்தை நிமிர்த்தக் கருதி விமானி பிடியை இடப்பக்கம் திருப்பத் திருப்ப, வலச்சாய்வு மிகுமே அன்றிக் குறையாது. ஒருவர் உள்ளே அமர்ந்து பிடியைத் திருப்ப, மற்றொருவர் வெளியே நின்று இறக்கையின் நுனியை நோக்கியிருப்பின், அப்பிழை சில நொடிகளில் தரையிலேயே புலப்பட்டிருக்கும். விமானத்தைப் படைத்தவரின் அறிவெல்லாம் அந்தச் சில நொடிக் காட்சிக்கு ஈடாகவில்லை.

அது பழைய காலம். இக்காலத்தில் இத்தகைய பிழை நேருமோ என்று சிலர் வினவலாம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் நகரை அடுத்த அல்வெர்க்காவில், பெரும் பராமரிப்பு முடிந்து எம்பிரேயர் வகை விமானம் ஒன்று எழுந்தது. அதிலும் ஏலரான் வடங்கள் மாறியே பூட்டப்பட்டிருந்தன. எழுந்தது முதல் அது விமானிகளின் கைக்கு அடங்காமல் உருண்டு தடுமாறியது. அவர்கள் நெடுநேரம் போராடி, பெஜா என்னும் விமானத் தளத்தில் அரிதின் இறக்கினர். அதில் இருந்த அறுவரும் உயிர் பிழைத்தனர். எழுபது ஆண்டுகள் கடந்தும், கருவிகள் எத்துணையோ வளர்ந்தும், மனிதக் கையின் மறதி மட்டும் மாறவில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பூட்டியதில் நேரும் பிழை ஒருவகை. நீக்க மறந்ததில் நேரும் பிழை மற்றொரு வகை. விமானத்தின் உடலில் மிகச் சிறிய துளைகள் சில உண்டு. அவற்றின் வழியே வெளிக்காற்றின் அழுத்தத்தை உணர்ந்தே உயரமானியும் வேகமானியும் இயங்குகின்றன. விமானத்தைக் கழுவும்போது நீர் புகாதிருக்க அத்துளைகளை மூடுவர். 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், பெரு நாட்டின் லீமா நகரில், கழுவும்போது ஒட்டிய நாடாவை நீக்காமலே பயணி விமானம் ஒன்று இரவில் புறப்பட்டது. எத்துணை உயரத்தில் பறக்கிறோம், எத்துணை விரைவில் செல்கிறோம் என்பவற்றை விமானிகள் அறியக்கூடவில்லை. கருவிகள் பொய்யுரைக்க, அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. 70 பேர் மாண்டனர். விரல் அகல நாடாவை உரித்தெடுக்க ஒரு நொடி போதும். அந்நொடிக்கு ஈடாக 70 உயிர்கள் சென்றன. இத்தகைய துளை மிகச் சிறிய விமானத்திலும் உண்டு.

கைதேர்ந்தவர் செய்த பணியில் இத்தகைய பிழை எங்ஙனம் ஒளிந்து கொள்கிறது? கடிதம் எழுதியவர் அதனைத் தாமே படித்துப் பார்க்கும்போது, விட்டுப்போன சொல் அவர் கண்ணில் படுவதில்லை. எழுத நினைத்த சொல்லையே கண் கண்டுவிடுகிறது. அக்கடிதத்தை வேறொருவர் படித்தவுடன் அக்குறை பளிச்செனத் தோன்றுகிறது. அச்சகத்தில் பிழை திருத்துவோர் இருப்பது இதன் பொருட்டே. விமானப் பணியும் அத்தகையதே. ஆதலின், விமானத்தை இயக்கும் வடங்களையும் இணைப்புகளையும் தொட்டபின், பணி செய்தவர் ஒருமுறையும், அதில் கை வைக்காத தகுதியாளர் மற்றொருவர் ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் நெடுங்காலமாகப் போற்றப்படும் நெறி. விமானியின் சோதனை இவற்றிற்கெல்லாம் இறுதிக் காவல். அதனைக் கடந்துவிட்டால் பிழைக்கும் வானத்துக்கும் இடையே தடை ஏதும் இல்லை.

விழிப்புடைய விமானி ஒருவர் இதனைச் செய்யும் முறை அறியத்தக்கது. அவர் கொட்டகைக்கு வந்தவுடன் விமானத்தை நோக்கிச் செல்வதில்லை. குறிப்பேட்டை நோக்கிச் செல்கிறார். திறக்கப்பட்டவை எவை, மாற்றப்பட்டவை எவை என்று படிக்கிறார். பின்னர் மெக்கானிக்கை அணுகி, “எவற்றையெல்லாம் கழற்றினீர்கள், ஐயா?” என்று கேட்கிறார். “இடப்பக்கச் சக்கரம், எல்லாப் பிளக்குகளும், ஏலரான் வடம் ஒன்று” என்று விடை வருகிறது. அப்போது எங்கே மிகுதியாக உற்றுப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிறது. கை பட்ட இடமெல்லாம் கண் படவேண்டிய இடம்.

அதன்பின் அவர் விமானத்தைச் சுற்றி வருகிறார். முதலில் எஞ்சினின் சுவிட்சு நிறுத்திய நிலையில் உள்ளதா என்று காண்கிறார். ஏனெனில், நிற்கும் புரொப்பெல்லரும் ஓடும் புரொப்பெல்லரைப் போல அஞ்சத்தக்கதே. மூடிகளின் திருகுகள் யாவும் இறுகியுள்ளனவா என்று விரலால் தடவுகிறார். நட்டுகள் கழலாதபடி காக்கும் காட்டர் பின்களும் பூட்டுக் கம்பிகளும் தத்தம் இடத்தில் உள்ளனவா என்று நோக்குகிறார். எண்ணெயின் அளவைக் குச்சியால் பார்த்து, மூடியை இறுக மூடுகிறார். பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்து, கண்ணாடிக் குவளையில் ஏந்தி, ஒளிக்கு எதிரே பிடிக்கிறார். நீர் கலந்திருப்பின் அது அடியில் தங்கிப் பிரிந்து தோன்றும். ஆனால், குவளை முழுவதும் நீராகவே இருந்துவிட்டால் பிரிவு ஏதும் தோன்றாது; தூய பெட்ரோல் போலவே காணும். அதனால் அவர் நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே தேர்கிறார். துளைகளின்மேல் நாடா ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று காணவும் மறப்பதில்லை.

உள்ளே அமர்ந்தபின்னும் அவர் விரைவதில்லை. நேற்று அவர் விட்டுச் சென்ற நிலையில் அறை இல்லை. மெக்கானிக் விட்டுச் சென்ற நிலையில் இருக்கிறது. பெட்ரோல் அடைப்பு மூடியிருக்கலாம். சுவிட்சுகள் மாறியிருக்கலாம். இருக்கை தன் தண்டவாளத்தில் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். அது விமானம் எழும்போது பின்னே நழுவினால் கைப்பிடியும் உடன் இழுபடும். திருப்புளியோ ஸ்பானரோ துணித்துண்டோ இருக்கைக்கு அடியில் கிடக்கலாம். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேர்ந்தபின் கைப்பிடியை முழு அளவும் அசைத்துப் பார்க்கிறார். தடையின்றி அசைந்தது என்ற அளவில் அவர் மனநிறைவு கொள்வதில்லை. எங்கே அசைந்தது, எத்திசையில் அசைந்தது என்பதைக் கண்ணால் காண்கிறார். இதற்கு விமானிகள் ஓர் எளிய குறி வைத்துள்ளனர். பிடியைப் பற்றிய கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடியைத் திருப்பினால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஏலரான் எழ வேண்டும். சிறுவரும் நினைவில் கொள்ளத்தக்க இக்குறி ஒன்றே, உட்ஃபோர்டில் நேர்ந்த பிழையைத் தரையிலேயே காட்டவல்லது.

இனி எஞ்சினை இயக்குகிறார். பெரும்பாலான சிறு விமானங்களின் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் உண்டு. அவற்றுக்குத் தீப்பொறி ஊட்ட மாக்னெட்டோ என்னும் கருவிகள் இரண்டு உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும் என்பது இதன் கருத்து. ஒன்றை நிறுத்தி மற்றொன்றால் ஓட்டிப் பார்த்தால், எஞ்சினின் சுழற்சி சிறிது குறைதல் வேண்டும். மிகுதியாகக் குறைந்தால் பிளக்கிலோ மாக்னெட்டோவிலோ குறை இருத்தல் கூடும். சிறிதும் குறையாவிட்டாலோ, ‘நன்று’ என்று மகிழ்வான் அறியாதவன், அறிந்தவர் ஐயுறுவார். நிறுத்திய மாக்னெட்டோ உண்மையில் நிற்கவில்லை என்பது அதன் பொருளாகலாம். அந்நிலையில், சுவிட்சை மூடிவிட்டோம் என்று நம்பிப் புரொப்பெல்லரில் கை வைப்பவரின் உயிருக்கே இடர் நேரும். சில நிமிடம் ஓட்டியபின் எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, எண்ணெய் கசிகிறதா என்று மீண்டும் பார்க்கிறார். நின்ற எஞ்சினில் தோன்றாத கசிவு, ஓடிச் சூடேறிய எஞ்சினில் தோன்றுவது உண்டு.

இத்தனையையும் அவர் நினைவிலிருந்து செய்வதில்லை. கையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். விமானிகள் பட்டியல் கொண்டு செயலாற்றும் வழக்கம் வேரூன்றியதற்கும் ஒரு துயரமே காரணம். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் டேட்டன் நகரை அடுத்த தளத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய பெருவிமானம் ஒன்று எழுந்தவுடன் வீழ்ந்தது. நிற்கும் விமானத்தின் தகடுகள் காற்றில் ஆடாதிருக்க இடும் பூட்டு, புறப்படும்போது திறக்கப்படவில்லை. ஓட்டியவர் தேர்ந்த விமானியே. மறந்தது ஒரே செயல். அவரும் மற்றொருவரும் அதனால் இறந்தனர். அதன்பின்னர், புறப்படுமுன் செய்வன, இறங்குமுன் செய்வன என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொண்டனர். அதே வகை விமானம் பின்னர் 12,000-க்கும் மேல் கட்டப்பெற்றுப் பெரும்புகழ் எய்தியது. எழுதிவைத்துப் படிப்பது அறியாமையின் அடையாளம் அன்று. தன் மறதியை அறிந்தவரின் அடக்கமே அது. சோதனையின் நடுவே யாரேனும் வந்து பேச்சுக் கொடுத்தால், விழிப்புடைய விமானி விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. சில படிகள் பின்சென்றோ, முதலிலிருந்தோ மீண்டும் தொடங்குகிறார்.

எல்லாம் நன்றெனக் கண்டபின்னும், பராமரிப்புக்குப் பின் வரும் முதற்பறப்பு விருந்தினரை ஏற்றிக் களிக்கும் பறப்பு அன்று. நல்ல பகலொளியில், அமைதியான காற்றில், தளத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லாமல் தனியே ஒருமுறை பறந்து இறங்குவதே அறிவுடையோர் வழக்கம். விமானம் பறக்கும் தன்மையையே மாற்றக்கூடிய பெரும்பணி நடந்திருப்பின், தகுதி பெற்ற விமானி ஒருவர் பறந்து பார்த்துக் குறிப்பு எழுதுமுன் பயணிகளை ஏற்றலாகாது என்று அமெரிக்கச் சட்டமும் கூறுகிறது.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்புவது தீது. ஆராய்ந்து நம்பியபின் அவரிடம் ஐயங்கொள்வதும் தீது என்பது வள்ளுவர் அங்கே காட்டும் நெறி. இதனைக் கற்றோர் உள்ளத்தில் ஒரு வினா எழலாம். தகுதி அறிந்து நம்பிய மெக்கானிக்கின் பணியை மீண்டும் சோதிப்பது, நம்பியவரை ஐயுறுவது ஆகாதோ? ஆகாது. விமானியின் ஐயம் ஆள்மேல் சென்றது அன்று; வினைமேல் சென்றது. அம்மெக்கானிக்கின் அறிவையும் நேர்மையையும் அவர் ஐயுறவில்லை. மனிதராய்ப் பிறந்த யார்க்கும் பொதுவான மறதியையே தேடுகிறார். அம்மறதி தமக்கும் உண்டு என்று அறிந்தே பட்டியலைக் கையில் ஏந்துகிறார். நல்ல மெக்கானிக்கும் இதனைக் கண்டு முகம் கோணுவதில்லை. “வாருங்கள், ஐயா, நான் தொட்ட இடமெல்லாம் காட்டுகிறேன். என் கண்ணுக்குத் தப்பியது உங்கள் கண்ணுக்காவது படட்டும்” என்று தாமே முன்வந்து அழைப்பார். தம் பணியால் ஓர் உயிர் வானில் நிற்கப்போகிறது என்பதை உணர்ந்தவருக்கு, மற்றொரு கண் பகை அன்று, துணையே ஆகும்.

சோதனை செய்து பிழை ஒன்றும் காணாத நாட்களே பல. அந்நாட்களில் அரைமணி நேரம் வீணாயிற்று என்று எண்ணுவோர் உண்டு. வண்டியோட்டும் முதியவரைக் கேட்டால், கடையாணி சரியாக இருக்கக் கண்ட நாட்கள் ஆயிரம் என்பார். இல்லாதிருக்கக் கண்ட நாள் ஒன்றோ இரண்டோ என்பார். அந்த ஒரு நாள் எந்நாள் என்று முன்னரே அறிய வழி இல்லாமையால், அவர் ஆயிரம் நாளும் குனிந்து பார்த்தார். விமானியும் அவ்வாறே. குறிப்பேட்டில் உள்ள கையொப்பம் தரையிலேயே தங்கிவிடும். வானத்துக்குச் செல்வது விமானமும் உயிருமே. ஆதலின், பிறர் செய்த பணியை மதித்துப் பெறுக. பெற்றதைத் தன் கண்ணால் தெளிந்து ஏறுக.